நான் கொட்டிய மாத்திரைகள்

பஸ் எரிந்து பதினாறு நாள்வரை என் கணவர் நன்றாகத்தான் தூங்கினார். இதை நான் பல டாக்டர்களிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. பஸ் எரிந்ததில் பயந்துவிட்டார், அதனால் தூக்கம் போய்விட்டது என்று எழுதுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

அவர் மலாக்கா டவுனிலிருந்து உள்ளே தோட்டங்களுக்குப் போகும் பஸ்ஸை ஓட்டினார். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். கைக்குழந்தையாக ஒரு மகள். காஜா பேராங்கில், செட்டி மக்களின் வீடுகளுக்குப் பின்னால், தகரக்கூரை போட்ட பலகை வீட்டில் இருந்தோம். மலாயாவில் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருக்கும். காட்டிலிருந்து துப்பாக்கியோடு வருகிறவர்கள் பஸ்ஸை மறிப்பதும் கொளுத்துவதும் அன்றாடம் காதில் விழுந்த சங்கதிகள். காலையில் அவர் காக்கிச் சட்டையை மாட்டும்போது நான் அதைப் பற்றிப் பேசமாட்டேன். அவரும் பேசமாட்டார்.

அன்று நடந்ததாக அவர் போலீசுக்கும் எனக்கும் சொன்னது இதுதான். பத்து மணிவாக்கில், இரண்டு பக்கமும் ரப்பர் மரம் நிற்கிற ஒரு வளைவில், ரோட்டுக்குக் குறுக்கே மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் துப்பாக்கியோடு வந்தார்கள். எல்லோரையும் இறக்கி வரிசையாக நிற்கவைத்து, அடையாள அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். வரிசையிலிருந்து ஒருவனை மட்டும் இழுத்துக்கொண்டு மரங்களுக்குள் போனார்கள். இரண்டு முறை வெடிச் சத்தம் கேட்டது. பிறகு பஸ்ஸில் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

செத்தவன் ஒரு தோட்டத்தைக் காவல் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள். எங்கள் தமிழ் ஆள்தான். புக்கிட் பாருவில் அவன் மனைவிக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம். லீவு போட்டுக் குழந்தையைப் பார்த்துவிட்டு, காக்கி உடை இல்லாமல், சட்டை போட்டு சாரோங் கைலி கட்டிக்கொண்டு திரும்பிப் போய்க்கொண்டிருந்தான். அடிக்கடி அந்த பஸ்ஸில் போகிறவன் என்பதால் என் கணவருக்கு நல்ல பழக்கம். அவரை “அண்ணே” என்றுதான் கூப்பிடுவான்.

கம்பெனியில் ஒரு வாரம் லீவு கொடுத்து, பிறகு வேறு பஸ் கொடுத்தார்கள். அவர் போனார், வந்தார், சாப்பிட்டார், தூங்கினார். எனக்குத்தான் அவர் வந்து சேரும்வரை வாசலைவிட்டு நகர முடியாது.

பதினாறாம் நாள் பிற்பகல் செத்தவனின் மனைவி வந்தாள். இருபது வயதுகூட இருக்காது. இடுப்பில் துணியில் சுற்றிய குழந்தை. பிள்ளை பெற்ற உடம்பு இன்னும் வற்றவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அன்று அவருக்கு ஓய்வு நாள். உள்ளே படுத்திருந்தவர் எழுந்து வந்தார்.

“அண்ணே, நீங்கதான் பக்கத்துல இருந்தீங்கன்னு போலீஸ்ல சொன்னாங்க” என்றாள். “கடைசியா என்னா சொன்னாரு அவரு?”

 அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“புள்ளயப் பாத்துக்கச் சொன்னாரு தங்கச்சி.”

அவள் அழுதாள். குழந்தையின் தலையைத் தடவி, “அப்பா சொன்னாராம்டா, அப்பா சொன்னாராம்” என்றாள். அவர் காலைத் தொடக் குனிந்தாள். அவர் பின்னால் நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டார். நான்தான் அவளைத் தூக்கி, காப்பி கலந்து கொடுத்து, பெரிய ரோடுவரை கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்தபோது அவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்குப் போனதுதான் தூக்கம்.

ஆரம்பத்தில் படுப்பார், கொஞ்ச நேரத்தில் திடுக்கிட்டு எழுந்து உட்காருவார். பிறகு படுப்பதே நின்றது. பகலிலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். என் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்து, “பாரு, குதிரை மாதிரி ஓடுது” என்பார். உள்ளங்கை நனைந்து சோற்றைப் பிசைய முடியாது. சாலையில் எந்த வளைவு வந்தாலும் மூச்சு முட்டுகிறது என்றார். சன்னலுக்கு முதுகு காட்டி உட்காரமாட்டார். கதவுத் தாழ்ப்பாளை நான் போட்ட பிறகும் அவர் ஒருமுறை போய்ப் பார்ப்பார், இன்னொரு முறையும் பார்ப்பார். என்ன நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டால் மறுபடியும் தாழ்ப்பாளைப் பார்க்கப் போவார்.

நரம்புத் தளர்ச்சி என்றார்கள் சிலர். செத்தவன் பிடித்துக்கொண்டான் என்றார்கள் சிலர். துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோவிலுக்குக் கூட்டிப் போய் அர்ச்சனை செய்து கயிறு கட்டினேன். சாதிக்காயை இழைத்துப் பாலில் கலந்து கொடுத்தேன். பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாவை நான் மக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடுவேன். நாங்கள் கும்பிடுகிற சாமியைத்தான் அவர்களும் கும்பிட்டார்கள், ஆனால் பேசுவது மலாய். அந்த அம்மா மூலை மூலையாகச் சாம்பிராணி காட்டிவிட்டு, போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உன் வீட்டுக்காரருக்குப் பேய் பிடிக்கவில்லை, அவர் மனதில் ஏதோ இருக்கிறது, கேள்” என்றார். நான் கேட்டேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. எனக்கும் பயமாக இருந்தது.

இப்படியே ஒரு வருடம் போன பிறகுதான் டவுனில் மருந்துக்கடை வைத்திருந்த ஒரு டிரேசரைப் பற்றிச் சொன்னார்கள். முன்பு ஆஸ்பத்திரியில் காயம் கட்டுகிற, மருந்து கொடுக்கிற வேலை பார்த்தவராம். அவர் என் கணவரின் நாக்கையும் கண்ணையும் பார்த்தார். ஒரு காகிதப் பொட்டலத்தில் சிவப்பாக, மினுமினுவென்று பத்து மாத்திரைகள் கொடுத்தார்.

“ஒண்ணு போடுங்க. செத்தவன் மாதிரி தூங்குவீங்க” என்றார்.

அப்படித்தான் தூங்கினார். முதல் நாள் காலை ஏழு மணிவரை குறட்டை கேட்டது. நான் அடுப்படியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அழுதேன். அந்த டிரேசருக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒன்று இரண்டானது. ஒரேயடியாக இல்லை, மெதுவாகத்தான். இரண்டு மூன்றானது. பகலில் படபடப்பு வந்தால் ஒன்று என்று ஆரம்பித்தார். நாக்குத் தடித்தது. நடக்கும்போது சுவரைப் பிடித்தார். தெருவில் பார்த்தவர்கள் கள்ளு என்று நினைத்தார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கள்ளு என்றால் எல்லோருக்கும் புரியும். ஒருநாள் ஸ்டியரிங்கில் கண்ணயர்ந்து பஸ்ஸைக் கால்வாயில் இறக்கினார். யாருக்கும் பெரிய அடி இல்லை. கம்பெனியில் அவரைத் துரத்தாமல், பஸ் கழுவுகிற வேலைக்குப் போட்டார்கள். நான் சீனர் வீடுகளுக்குத் துணி துவைக்கப் போனேன்.

ஐம்பத்தேழில் மெர்டேக்கா, நாட்டின் சுதந்திரம், வந்தது. அன்று காலை மக்சிக்கும் நானும் என் மகளைக் கூட்டிக்கொண்டு கொண்டாட்டம் பார்க்கப் போனோம். அவள் கையில் ஒரு காகிதக் கொடி. அவரையும் கூப்பிட்டோம். பட்டாசுச் சத்தம் ஆகாது, நீங்கள் போய்வாருங்கள் என்றார். நாங்கள் திரும்பி வந்தபோது தரையில் குப்புறக் கிடந்தார். முகத்தில் ஒரு பக்கம் கஞ்சிக் கிண்ணத்துக்குள் இருந்தது. மூக்கு மட்டும் வெளியே இருந்ததால் உயிர் இருந்தது. தண்ணீர் ஊற்றினோம், உலுக்கினோம். சாயங்காலம்தான் கண் திறந்தார். என் மகள் அந்தக் கொடியைப் பிடித்தபடியே மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் மாத்திரைகளைத் தேடினேன். அரிசி டின்னில் இருந்தன, சாமி படத்துக்குப் பின்னால் இருந்தன, பழைய காக்கிச் சட்டைப் பையில் இருந்தன. அத்தனையையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு முன்னால் ஓடிய கால்வாயில் கொட்டினேன். அங்கிருந்து நேராக டிரேசரிடம் போய், இனிமேல் இவருக்கு ஒரு மாத்திரை கொடுத்தாலும் போலீசுக்குப் போவேன் என்று கத்தினேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

முதல் நாள் அவர் என்னைக் கெஞ்சினார். “ஒண்ணே ஒண்ணு கொடும்மா. நாளைக்கு நானே வேணாம்னுடறேன்.” இரண்டாம் நாள் உடம்பு முழுக்க நடுங்கியது, வேலைக்குப் போகவில்லை. கள்ளை விட்டவர்களுக்கும் இப்படித்தான் இருக்கும், நாலு நாளில் சரியாகும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை வெந்நீர் கேட்டார். கொண்டு வருவதற்குள் கீழே விழும் சத்தம். கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரையும் ரத்தமும். நான் அலறியதில் மக்சிக் ஓடிவந்து, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே தன் சாரோங்கை மடித்து வைத்தார். அந்த அம்மாவின் மகன் ஓடிப்போய்த் திரிஷா என்கிற சைக்கிள் ரிக்ஷா பிடித்து வந்தான். திரிஷாவிலும் ஒருமுறை இழுத்தது. ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு முறை.

இழுப்பு நின்ற பிறகு வேறொன்று தொடங்கியது. வார்டின் மூலையைப் பார்த்துக் கை கூப்பிக் கும்பிட்டார். அங்கே யாரோ நிற்பதுபோல, “நான் சொல்லல, நான் சொல்லல” என்றார். கட்டிலோடு கட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து ஜொகூரில் இருந்த மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அந்த வண்டியில் ஏறும்போது என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

மாதம் ஒருமுறை மகளை மக்சிக்கிடம் விட்டுவிட்டு நான் ஜொகூருக்குப் போவேன். அங்கே யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் அவரைப் பார்த்தார். மெலிந்த மனிதர், சத்தம் போட்டுப் பேசமாட்டார். முதல் தடவையே என்னை உட்காரவைத்துக் கேட்டார்.

“அந்தக் குளிசையை எப்ப நிப்பாட்டினவர்?”

“அவரு நிறுத்தல டாக்டர். நான்தான் எல்லாத்தையும் கொட்டிட்டேன்.”

“ஒரே நாளிலயோ?”

“ஆமா.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அம்மா, அது பழகின உடம்பு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கவேணும். சடாரென நிப்பாட்டினால் வலிப்பு வரும். சிலவேளை உயிரும் போகும்.”

“எனக்குத் தெரியாது டாக்டர்” என்றேன்.

“உங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. குடுத்தவர் சொல்லியிருக்கவேணும்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் ஊர் திரும்பும்வரை அந்த வலிப்பு ஒவ்வொன்றையும் நான்தான் என் கையால் கொடுத்தேன் என்ற நினைப்பு என்னை விடவில்லை.

நாலு மாதத்தில் அவருக்கு நினைவு தெளிந்தது. தோட்ட வேலை செய்ய விட்டார்கள். வேறு மருந்து கொடுத்து, அதையும் கணக்காகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஐந்தாம் மாதம் நான் போனபோது டாக்டர், “நித்திரை கொஞ்சம் வருது. உங்களிட்ட ஒரு விசயம் சொல்லவேணும் எண்டு நிக்கிறார். போய்க் கேளுங்கோ” என்றார்.

வார்டுக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தலையை மொட்டை அடித்திருந்தார்கள். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“அந்தப் பையன் போலீஸ்னு யாருக்கும் தெரியாதுலா. சாரோங்குல இருந்தான். வரிசையில ஏழாவதோ எட்டாவதோ நின்னான். தலைவன் என் கழுத்துல துப்பாக்கிய வெச்சி, மானா மாத்தா-மாத்தான்னான். எவன் போலீஸ்காரன்னு கேட்டான். இல்லன்னேன். மறுபடியும் கேட்டான். நான் வாயத் தொறக்கல. கையக் காட்டல. ஆனா என் கண்ணு அவன்கிட்ட போயிடுச்சி. அவனுங்க என் கண்ணத்தான் பாத்துக்கிட்டிருந்தானுங்க.”

நான் அவர் கையைப் பிடித்திருந்தேன். விட்டுவிட்டேன். உடனே மறுபடி பிடித்தேன். இடையில் விட்டது அவருக்குத் தெரிந்திருக்கும்.

“இழுத்துக்கிட்டுப் போறப்ப என்னப் பாத்து, ‘ஏண்ணே?’ன்னான். அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லல. படுத்தா அதுதான் காதுல வருது.”

“அப்ப, புள்ளயப் பாத்துக்கச் சொன்னது?”

“அது நானா சொன்னது. அந்தப் பொண்ணு அப்படி நின்னு கேட்டா, வேற என்னா சொல்றது?”

 துப்பாக்கி கழுத்தில் இருக்கும்போது யாராக இருந்தாலும் அப்படித்தான் என்று சொன்னேன். அது உண்மை என்று இன்றும் நம்புகிறேன். அதைக் கேட்டு அவர் முகம் மாறவில்லை.

புறப்படும் முன் டாக்டர் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு பேசினார். செத்தவன் மனைவியிடம் போய் உண்மையைச் சொல்லவேண்டும் என்று என் கணவர் டாக்டரிடம் சொல்லியிருந்தார். “எனக்குச் சொன்னீங்கள், மனுசிக்குச் சொன்னீங்கள். அது போதுமாயும் இருக்கலாம். அவவிட்டச் சொல்லுறது ஆருக்காக எண்டு யோசிச்சுப்போட்டுப் போங்கோ” என்றார்.

ஏழாம் மாதம் அவரை வீட்டுக்கு விட்டார்கள். பகல் படபடப்பு குறைந்திருந்தது. ஆனால் இரவில் இரண்டு மணி நேரம் தூங்கினால் பெரிது. மாத்திரை டப்பாவை நான் என் பெட்டியில் பூட்டி வைத்து, டாக்டர் எழுதிக்கொடுத்தபடி அரையாக, காலாக உடைத்துக் கொடுத்தேன். பூட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவர் கண் என் கையையே பார்க்கும். மறுபடியும் அந்தச் சிவப்பு மாத்திரைக்குப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம்.

மூன்று வாரம் கழித்து புக்கிட் பாருவுக்குப் போனோம். அந்தப் பெண் ஒரு வீட்டின் பின்கட்டில் தனியறையில் இருந்தாள், தையல் வேலை செய்து பிழைத்தாள். பையன் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனோம். எங்களைப் பார்த்ததும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். “வாங்கண்ணே, வாங்கக்கா, ஒடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன்” என்று துணிகளை ஒதுக்கிப் பாய் போட்டாள். சுவரில் அவன் போட்டோ, காக்கி உடையில். அதற்குக் கீழே கனகாம்பரம்.

அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் தையல் மெஷினின் சக்கரத்தில் கையை வைத்தபடி கேட்டாள்.

“அவரு உங்களப் பாத்தாரா?”

“பாத்தாரு. ‘ஏண்ணே’ன்னாரு.”

“புள்ளயப் பாத்துக்கச் சொன்னாருன்னு சொன்னீங்களே?”

“அது நானா சொன்னது, தங்கச்சி.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

“தெனமும் அதச் சொல்லித்தான் அவனத் தூங்க வெப்பேன்” என்றாள். “அப்பா கடைசியா ஒன்னத்தான் நெனச்சாருன்னு சொல்வேன். இன்னிக்கு அவன்கிட்ட என்னா சொல்றது?”

 என்னைப் பார்த்தாள். மறுபடி அவர் பக்கம் திரும்பினாள்.

“இதச் சொல்லிட்டா நீங்க தூங்கிடுவீங்களாண்ணே?” என்று கேட்டாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிறகு, “போங்க” என்றாள். நாங்கள் கொண்டுபோன வாழைப்பழச் சீப்பை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் படுத்தார். மறுநாள் வெயில் ஏறும்வரை தூங்கினார். அன்று மாத்திரைகூடக் கேட்காமல், ஏழு வருடத்தில் முதல்முறையாக. நான் எத்தனை சாமியிடம் கேட்ட தூக்கம் அது! ஆனால் வாய் பிளந்து கிடந்த அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. எழுந்து வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன்.

அப்படிப்பட்ட தூக்கம் திரும்ப வரவில்லை. நாளடைவில் நாலு மணி நேரம் என்று நின்றுவிட்டது. மாத்திரையும் அந்த வருடக் கடைசியில் முழுதாக நின்றது. அதற்கு நான் அந்த யாழ்ப்பாணத்து டாக்டருக்குக் கடன்பட்டிருக்கிறேன். பிறகு டவுனில் ஒரு பலகைக் கிடங்கில் இரவுக் காவல் வேலை கிடைத்தது. பதினோரு வருடம் அந்த வேலை பார்த்து, நெஞ்சுவலியில் இறந்தார். பஸ்ஸில் பயணியாகக்கூட ஏறவில்லை. எங்கே போனாலும் நடந்தே போவார்.

புக்கிட் பாருவுக்கு நான் மட்டும் ஒருமுறை போனேன், ஒரு மாதம் கழித்து. அறை காலியாக இருந்தது. பையனைக் கூட்டிக்கொண்டு சிரம்பானில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். எதற்காக இவ்வளவு அவசரமாகப் போனாள் என்று அந்த வீட்டுக்காரம்மா என்னிடமே கேட்டார்.

மாத்திரையைக் கொட்டியதற்கு என்னை நான் மன்னித்துவிட்டேன். எனக்குத் தெரியாது, செய்தேன். புக்கிட் பாருவுக்குப் போனது அப்படி இல்லை. ஆருக்காக என்று அந்த டாக்டர் கேட்டது என் காதிலும் விழுந்தது. போகிற அன்று காலை என் கணவர் சட்டையைப் போட்டுவிட்டு மறுபடி கழற்றி வைத்தார். “வேணாம்மா. அந்தப் பொண்ணு பாவம். நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்” என்றார். எனக்கு அவர் தூங்கவேண்டும். வேறு எதுவும் அப்போது என் கண்ணில் படவில்லை. கழற்றிய சட்டையை எடுத்து உதறி, அவர் கையைப் பிடித்து உள்ளே நுழைத்து, பொத்தானைப் போட்டுவிட்டது நான்தான்.